கூப்பிடும்போது நீளும் எழுத்து

பெண் குழந்தைக்கு 'இ' என்று முடியும் பெயர் தேடும் இளம் பெற்றோருக்குச் சில அறிவுரைகள்

பெண் குழந்தை பிறந்த வீட்டில் பெயர்ப் பேச்சு எடுத்ததுமே ஆளுக்கொரு நிபந்தனை வைப்பார்கள். குலதெய்வத்தின் பெயர் வர வேண்டும் என்பார் தாத்தா. சின்னதாக, வாயில் நிற்கும்படி இருக்கட்டும் என்பாள் சித்தி. பெற்றவள் மட்டும் மெதுவாக, "என்ன பேரா இருந்தாலும் 'இ'யில முடியணும்" என்பாள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. மூத்தவள் பெயர் அப்படி முடிந்திருக்கும், அல்லது அவளை வளர்த்த பாட்டியின் பெயர் அப்படி முடிந்திருக்கும், அல்லது காதுக்கு அந்த ஓசை பிடித்திருக்கும்.

அந்த விருப்பத்தைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். தமிழ் சொல்லிக்கொடுத்த காலமெல்லாம் காலையில் முதல் வேலையாகப் பிள்ளைகளின் பெயர்களை வாய்விட்டுப் படித்தவள் நான். எந்தப் பெயர் கடைசி பெஞ்சு வரை போய்ச் சேர்கிறது, எந்தப் பெயர் பாதி வழியில் மங்கிவிடுகிறது என்பதை என் காது பழகிக்கொண்டது. அதிலிருந்து உங்களுக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். பெயர் பிறப்பதே கூப்பிடுவதற்காக. எழுதுவதும் பதிவதும் அதற்குப் பின்னால் வருபவை. கூப்பிடும் குரலைத் தூக்கிக்கொண்டு போவது கடைசி எழுத்து. ஆகவே முடிவெழுத்தைக் காதால் தேர்ந்தெடுங்கள். அதே நேரம், அந்த ஓர் எழுத்துக்காகப் பொருளையும் தெளிவையும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டையும் சேர்த்துக் காப்பாற்றும் வழிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் வாய்விட்டுக் கூப்பிடுங்கள்

தாளில் எழுதிப் பார்க்கும் முன் வாசலில் நின்று தெருமுனைக்குக் கேட்கும்படி அந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பாருங்கள். தொல்காப்பியர் இதற்கென்றே சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயல் வைத்திருக்கிறார். அழைக்கும்போது 'இ' என்ற முடிவு 'ஈ' ஆகும், 'ஐ' என்ற முடிவு 'ஆய்' ஆகும் என்பது அவர் சொல்லும் முறை. நம்பி 'நம்பீ' ஆவதும் நங்கை 'நங்காய்' ஆவதும் அப்படித்தான். பக்கத்தில் இருப்பவரை அழைத்தால் பெயர் மாறாமல் இயல்பாகவே நிற்கும் என்றும் சொல்லிவைத்திருக்கிறார்.

இன்றைய பேச்சில் 'நங்காய்' என்று யாரும் அழைப்பதில்லை. 'இ' நீள்வது மட்டும் அப்படியே உயிரோடு இருக்கிறது. மடியில் கிடப்பவளைச் "செல்வி" என்கிறோம். மொட்டைமாடியில் விளையாடுகிறவளைச் "செல்வீ" என்கிறோம். இலக்கணம் படிக்காத பாட்டியும் இதைப் பிழையில்லாமல் செய்கிறாள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேச்சுத் தமிழில் முல்லை 'முல்ல' ஆகிவிடுகிறாள், கோதை 'கோத' ஆகிவிடுகிறாள். மலர் 'மலரு' என்றும், கயல் 'கயலு' என்றும் ஒரு வால் சேர்த்துக்கொள்கிறார்கள். வள்ளியும் பொன்னியும் எழுத்தில் எப்படியோ அப்படியே பேச்சிலும் இருக்கிறார்கள். 'இ'யில் முடியும் பெயரை எழுதுவதற்கும் கூப்பிடுவதற்கும் இடைவெளி குறைவு. உங்கள் மனம் அந்த ஓசையை நாடியதற்கு இது ஒரு நல்ல காரணம்.

2. தொடக்கத்தை நட்சத்திரம் கேட்கும், முடிவு உங்களுடையது

ஜாதகம் பார்க்கும் வீடுகளில் குழந்தையின் நட்சத்திரப் பாதத்துக்கு ஏற்ற முதலெழுத்தைக் குறித்துக் கொடுப்பார்கள். அசுவினிக்குச் சு, சே, சோ, லா. பரணிக்கு லி, லு, லே, லோ. கார்த்திகைக்கு அ, இ, உ, ஏ. இந்தப் பட்டியல் தமிழ்ச் சொற்களை மனத்தில் வைத்து உண்டானதல்ல. அதனால்தான் திருவாதிரைக்காரர்களுக்கு 'ங' என்ற எழுத்தும் வந்து நிற்கிறது. அதில் தொடங்கும் பெயரை யாரால் தேட முடியும்?

பெரியவர்கள் மனம் நோகாமல் இதைக் கடப்பது எளிது. நான்கு எழுத்தில் எது உங்களுக்கு வசதியோ அதை எடுத்துக்கொள்ளலாம். சில வீடுகளில் அந்த எழுத்தில் ஒரு ஜன்மப் பெயரைக் காதில் ஓதிவிட்டு, அழைக்கும் பெயரைத் தனியாக வைத்துக்கொள்கிறார்கள். எப்படிச் செய்தாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். முதலெழுத்துக்குச் சொல்ல ஆள் உண்டு, கடைசி எழுத்தை இந்த நட்சத்திரப் பட்டியல் கேட்பதில்லை. அது முழுக்கப் பெற்றவர்களின் உரிமை. முதலெழுத்து கட்டிப்போட்டுவிட்டதே என்று சலிக்காமல், முடிவெழுத்தில் உங்கள் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளுங்கள்.

3. 'இ' இரண்டு வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

அரசன், அரசி. செல்வன், செல்வி. தோழன், தோழி. இங்கே 'இ' பெண்பாலைக் காட்டவென்றே வந்து சேர்ந்த விகுதி. இன்னொரு வகையில் 'இ' சொல்லோடு கூடப் பிறந்தது. மொழி, விழி, மதி, மணி, நிதி, கனி, கொடி எல்லாம் அப்படி. இவற்றின் 'இ'க்கு ஆண், பெண் கிடையாது.

முதல் வகையில் பெயர் வைத்தால் எந்தப் படிவத்திலும் எந்த அலுவலகத்திலும் ஐயமே எழாது. தமிழ்ச்செல்வி, கலையரசி, இளவரசி என்றால் பெண்தான். இரண்டாம் வகை அப்படியல்ல. கருணாநிதி ஆண் பெயர். முதலாம் இராசராசனின் இயற்பெயர் அருள்மொழிவர்மன். இன்று அருள்மொழி என்ற பெயரில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. மணி என்று கூப்பிட்டால் யார் திரும்புவார் என்று சொல்ல முடியாது.

இருபாலருக்கும் பொதுவான பெயர் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. சில பெற்றோர் அதையே விரும்புகிறார்கள், அதுவும் நல்லதே. ஆனால் தெரிந்து வையுங்கள். ஐயம் வேண்டாம் என்றால் முன்சொல் உதவும். கயல்விழி, தேன்மொழி, பூங்கொடி, மணிமொழி என்று வழக்கம் பெண்ணுக்கென்றே ஒதுக்கிவிட்ட பெயர்கள் நிறைய இருக்கின்றன.

4. முழுப்பெயரின் பொருளை அகராதியில் பாருங்கள்

ஓசை பிடித்ததும் பெயரை முடிவு செய்துவிடும் அவசரம் இப்போது அதிகம். எழிலி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். எழில் உடையவள் என்று எண்ணிக்கொண்டு வைக்கிறார்கள். சங்கப் பாடல்களில் எழிலி என்றால் மேகம். மழை தரும் மேகத்தின் பெயர் பெண் குழந்தைக்கு வாய்ப்பது பேறுதான். ஆனால் பள்ளியில் அவள் பெயரின் பொருள் கேட்டால் சரியான விடையை அவளுக்கு நீங்கள்தான் கொடுத்திருக்க வேண்டும்.

ஆழி என்றால் கடல், சக்கரம், மோதிரம் எல்லாம் ஆகும். ஊழி என்றால் உலகம் முடியும் காலம். இரண்டுக்கும் ஓசையில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. வஞ்சி என்றால் கொடி, பெண், சேரர் தலைநகர். பகைவர் மண்ணைக் கொள்ளப் படையெடுத்துப் போவதைப் பாடும் திணைக்கும் வஞ்சி என்றே பெயர்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. இன்று கைப்பேசியிலேயே அதைத் திறந்து பார்க்கலாம். பெயரை அதில் ஒருமுறை தேடுங்கள். அகராதியில் இல்லாத புதுப்பெயர் என்றால், அதன் பகுதிகளைப் பிரித்துத் தனித்தனியே தேடுங்கள். எந்தப் பகுதிக்கும் பொருள் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். வாழ்நாள் முழுவதும் "என் பேருக்கு அர்த்தம் இல்ல" என்று அவள் சொல்லும்படி ஆக வேண்டாம்.

5. '-இனி' என்று முடிப்பவர்கள் முன்சொல்லைக் காப்பாற்றுங்கள்

யாழினி, தமிழினி, மகிழினி என்று இப்போது தொட்டில்தோறும் கேட்கும் முடிவு இது. நந்தினி, மாலினி, பத்மினி போன்ற வடமொழிப் பெயர்களின் ஓசையைக் கேட்டுப் பழகிய காது, தமிழ்ச் சொல்லிலும் அதை விரும்பியது. தமிழிலும் இந்த ஓசை பழையதே. சங்க காலத்தில் பாடும் பெண்ணைப் பாடினி என்றார்கள். காக்கைபாடினியார் என்று ஒரு புலவரே இருந்திருக்கிறார்.

யாழினி நிலைத்துவிட்டதற்குக் காரணம் முன்னால் யாழ் முழுச்சொல்லாக நிற்பதுதான். முன்சொல் முழுதாக இருந்தால் '-இனி' அழகாக உட்காரும். அப்பா பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி எடுத்து, பின்னால் ஓர் 'இனி'யையோ 'ஷினி'யையோ ஒட்டினால் பெயர் போல ஒலிக்கும், பெயராக இருக்காது. பெற்றோர் இருவரும் பெயரில் இருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், இருவருக்கும் பிடித்த ஒரு முழுச்சொல்லைத் தேடுங்கள். குழந்தை இருவருக்கும் உரியவள் என்பதை அது இன்னும் நன்றாகச் சொல்லும்.

எழுத்தையும் பாருங்கள். நந்தினி, மாலினி, பத்மினிக்கு இரண்டு சுழி 'னி'. ரோகிணி, ருக்மிணி, பூரணிக்கு மூன்று சுழி 'ணி'. முதல் சான்றிதழில் மாறிப்போனால் பிறகு எல்லாத் தாள்களிலும் அதுவே தொடரும்.

6. இரண்டு சொல் சேரும் இடத்தில் நின்று பாருங்கள்

'இ' முடிவு கூட்டுப்பெயர்களிலும் நிறைய வரும். கூட்டுப்பெயரில் நடுவில் ஒரு புணர்ச்சி இருக்கும். தமிழ் + செல்வி தமிழ்ச்செல்வி. கலை + செல்வி கலைச்செல்வி. மலர் + கொடி மலர்க்கொடி. பூ + கொடி பூங்கொடி. பூ + குழலி பூங்குழலி. பொன் + கொடி பொற்கொடி. இந்த ச், க், ங், ற் எல்லாம் அலங்காரம் அல்ல. சொல்லும்போது நாக்கு தானாகவே அவற்றைச் சேர்த்துக்கொள்கிறது, எழுத்து அந்த ஒலியைப் பின்பற்றுகிறது.

பிறப்புச் சான்றிதழில் 'தமிழ்செல்வி' என்றும், பள்ளியில் 'தமிழ்ச்செல்வி' என்றும், ஆதாரில் 'தமிழ் செல்வி' என்று இடம் விட்டும் இருக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அந்தப் பெண்கள் அலைவார்கள். பெயரைப் பதியும் முன் புணர்ச்சியோடு ஒரே சொல்லாகத் தெளிவாக எழுதி, வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை.

7. 'ழி' வேண்டுமென்றால் உறுதியோடு வையுங்கள்

விழி, மொழி, யாழி என்று முடியும் பெயர்கள் மேல் எனக்குத் தனிப்பற்று. ஆனால் அவற்றை வைப்பவர்கள் ஒரு பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறார்கள். தென் மாவட்டங்களில் 'ழ' பேச்சில் பெரும்பாலும் 'ள' ஆகிவிடும். சென்னைப் பக்கம் 'ய' ஆவதும் உண்டு. தேன்மொழியைத் 'தேன்மொளி' என்றுதான் அக்கம்பக்கம் அழைக்கும். நீங்கள் வீட்டில் திருத்தமாக அழைத்தால் குழந்தை திருத்தமாகச் சொல்லக் கற்றுக்கொள்வாள். தன் பெயரையே சரியாகச் சொல்லிப் பழகிய பிள்ளைக்குத் தமிழில் மற்ற சொற்களும் நாக்கில் வசப்படும்.

ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ்நாட்டில் 'ழி'க்கு 'இசட், எச், ஐ' போடுகிறோம். ஈழத் தமிழர்கள் பெரும்பாலும் 'எல், ஐ' போடுவார்கள். தமிழ் தெரியாதவர் முதலாவதைப் பார்த்தால் 'ஜி' என்று இழுப்பார், இரண்டாவதைப் பார்த்தால் 'லி' என்பார். வெளிநாட்டில் குடியிருப்பவர்கள், அங்கே பள்ளி ஆசிரியர் எப்படி வாசிப்பார் என்பதை இப்போதே யோசித்து, இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள். நாக்கு வருத்தமே வேண்டாம் என்றால் மதி, மணி, செல்வி, குழலி, அருவி என்ற முடிவுகள் இருக்கின்றன. குழலியில் 'ழ' நடுவில் இருக்கிறது, அதையும் மறக்காதீர்கள்.

8. பாட்டிமார் பெயர்களைக் கூச்சத்தோடு ஒதுக்காதீர்கள்

'இ'யில் முடியும் பெயர்ப் பெட்டகம் ஊர்ப்புறத்தில்தான் நிறைந்து கிடக்கிறது. வள்ளி, பொன்னி, அழகி, நாச்சி, மாரி, பேச்சி. நெல்லை, குமரிப் பக்கம் இசக்கி. 'ஆயி' என்று முடியும் வீராயி, பொன்னாயி, காத்தாயி, கருப்பாயி. ஆயி என்றால் தாய். கிறித்தவ வீடுகளில் ஆரோக்கியமேரியும் செல்வமேரியும், இசுலாமிய வீடுகளில் பாத்திமா பீவியும் கதீஜா பீவியும் அதே ஓசையில்தான் முடிந்தார்கள். எந்தச் சமயத்திலும் தமிழ்நாட்டுப் பெண்களின் பெயர்கள் பலவும் இந்த எழுத்தை நாடி வந்திருக்கின்றன.

பழைய பெயரை அப்படியே வைக்கத் தயக்கமாக இருந்தால் முடிவை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பாட்டி பெயர் பூவாயி என்றால் பேத்தி பூங்குழலி ஆகலாம். முதலெழுத்தும் கடைசி ஓசையும் பாட்டியுடையவை. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கம் உள்ள வீடுகளில், பாட்டி பெயர் வைத்த பேத்தியைப் 'பாப்பா', 'அம்மு' என்றே அழைத்து, அசல் பெயர் ரேசன் அட்டையோடு நின்றுவிடும். அதற்குப் பதில் ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டால் மரியாதையும் கெடாது, பெயரும் புழங்கும்.

9. காப்பியத்திலிருந்தோ கதையிலிருந்தோ எடுத்தால் முழுக்கப் படித்துவிட்டு எடுங்கள்

கண்ணகி, மாதவி, மாதரி, தேவந்தி, கவுந்தி. சிலப்பதிகாரம் ஒன்றிலேயே 'இ'யில் முடியும் பெண்கள் இத்தனை பேர். மாதரி, ஊருக்குப் புதியவர்களான கோவலனுக்கும் கண்ணகிக்கும் மதுரையில் அடைக்கலம் கொடுத்த இடைக்குல மூதாட்டி. கவுந்தி அவர்களுக்கு வழித்துணையாக நடந்து வந்த சமணத் துறவி. கண்ணகி, மாதவி என்ற இரண்டோடு நின்றுவிடாமல் இவர்களையும் நினைத்துப் பாருங்கள். காவிரி அடித்துச் சென்ற கணவனைக் கரையெல்லாம் தேடிய ஆதிமந்தியைச் சங்கப் பாடல்கள் நினைவில் வைத்திருக்கின்றன. காரைக்கால் அம்மையாரின் இயற்பெயர் புனிதவதி. பாண்டியமாதேவி மங்கையர்க்கரசி.

கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபின் வானதிகளும் பூங்குழலிகளும் தமிழ்நாட்டில் பெருகினார்கள். நா. பார்த்தசாரதியின் குறிஞ்சி மலர் படித்தவர்கள் பூரணி என்று வைத்தார்கள். அதே பொன்னியின் செல்வனில் நந்தினியும் இருக்கிறாள். பெயர் இனிமையானது, கதையில் அவள் வழி வேறு. அவளைப் புரிந்துகொண்டு, அவள் துணிவுக்காகவே வைக்கிறீர்கள் என்றால் நல்லது. படிக்காமல் வைத்துவிட்டு, பிற்பாடு மகள் படித்துவிட்டு வந்து கேட்கும்போது விழிக்க வேண்டாம்.

10. அக்காள் தங்கைக்கு ஓர் எழுத்து ஒத்தால் போதும்

அடியின் முடிவில் ஓசை ஒத்து வருவதைச் செய்யுளில் இயைபு என்கிறோம். குடும்பத்துப் பெயர்களிலும் இயைபு அழகுதான். ஆனால் கயல்விழி, மலர்விழி, தேன்விழி என்று முடிவுச்சொல் முழுவதும் ஒத்துவிட்டால் தொலைவிலிருந்து கேட்கும்போது 'விழி' மட்டும்தான் காதில் விழும். ஒருத்தியைக் கூப்பிட்டால் மூவரும் வருவார்கள். பள்ளியில் ஒருத்தியின் மதிப்பெண் இன்னொருத்தி பெயரில் ஏறும்.

கடைசி உயிர் ஒத்திருக்கட்டும், கடைசிச் சொல் வேறாக இருக்கட்டும். மூத்தவள் கயல்விழி என்றால் இளையவள் யாழினி, எழிலரசி, பூங்கொடி என்று இருக்கலாம். குடும்ப ஓசையும் இருக்கும், ஒவ்வொருத்திக்கும் தன் பெயர் தனக்கென்றும் இருக்கும். இரட்டைக் குழந்தைகள் என்றால் இதை இன்னும் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். உருவம் ஒன்றாக இருப்பவர்களுக்குப் பெயராவது தெளிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும்.

11. எழுபது வயது வரை கூப்பிட்டுப் பாருங்கள்

தொட்டிலில் கிடப்பவளுக்குப் பொருந்தும் பெயர் அவள் தலைநரைத்த பிறகும் பொருந்த வேண்டும். பெயரோடு அக்கா, அம்மா, அத்தை சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். கயல்விழியக்கா, யாழினியம்மா, புனிதவதியத்தை. 'இ'யில் முடியும் பெயருக்குப் பின் உயிரெழுத்து வந்தால் 'ய்' தோன்றி இரண்டையும் இணைக்கும். இலக்கணத்தில் அதை உடம்படுமெய் என்பார்கள். அதனால் உறவுச்சொற்கள் இந்தப் பெயர்களில் இடறாமல் ஒட்டிக்கொள்கின்றன.

குட்டி, பேபி என்று பெயரிலேயே குழந்தைத்தனத்தைப் பதிந்துவிடாதீர்கள். அவள் மருத்துவராகலாம், நீதிபதியாகலாம், ஊராட்சித் தலைவியாகலாம். பதவியைச் சேர்த்து அந்தப் பெயரை உரக்கச் சொல்லும்போது அது அவளுக்கு மதிப்புச் சேர்க்கிறதா என்று கேளுங்கள். அப்பாவின் முதலெழுத்தையோ அம்மாவின் முதலெழுத்தையோ முன்னால் வைத்தும் படியுங்கள். எழுத்துகள் சேர்ந்து வேண்டாத சொல் எதுவும் உருவாகாமல் இருக்க வேண்டும்.

12. பதிவை ஆறப்போடாதீர்கள், அவசரப்படவும் வேண்டாம்

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றாலும் பிறப்பைப் பதிந்துவிடலாம். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். மருத்துவமனையில் தாளை நீட்டுகிறார்கள் என்பதற்காக வாய்க்கு வந்ததை எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

ஆனால் அந்த ஓராண்டைத் தவற விடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டும் சான்று பிறப்புச் சான்றிதழே. ஆகவே அதில் பெயர் எப்படி ஏறுகிறதோ அப்படித்தான் எல்லா இடத்திலும் ஏறும்.

ஆங்கிலத்தில் 'இ' முடிவை 'ஐ' என்றும் எழுதலாம், 'ஒய்' என்றும் எழுதலாம், இரட்டை 'ஈ' என்றும் எழுதலாம். ஒன்றை முடிவு செய்து, அதையே எங்கும் எழுதுங்கள். எண் கணிதம் பார்ப்பவர்கள் கூட்டுத்தொகைக்காகக் கடைசியில் இன்னொரு 'ஐ', ஓர் 'எச்', ஓர் 'ஏ' சேர்க்கச் சொல்வார்கள். உங்கள் நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. ஆனால் சேர்த்தபின் அந்தப் பெயரை முன்பின் அறியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஆசைப்பட்ட 'இ' ஓசை அவர் வாயில் வராவிட்டால் அந்த எழுத்தை நீக்கிவிடுங்கள்.

13. வருத்தத்தைப் பெயராக்காதீர்கள்

மூன்றாவதும் பெண், நான்காவதும் பெண் என்று வந்தால் போதும்பொண்ணு, வேண்டாம் என்றெல்லாம் பெயர் வைத்த காலம் ஒன்று இருந்தது. அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை அது. அந்தப் பெயரைச் சுமந்தவள் ஒவ்வொரு நாளும் வகுப்பில் எழுந்து நின்று, தான் வேண்டாதவள் என்பதற்கு "உள்ளேன்" சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் குரல்களைக் கேட்ட காதோடு சொல்கிறேன். இப்படி ஒரு பெயரை எந்த வீட்டிலும் யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். மாமியார் சொன்னாலும் பணிவாக, உறுதியாக மறுத்துவிடுங்கள். பிறந்தவளை வரவேற்கும் பெயர்தான் பெயர்.

14. ஏன் வைத்தோம் என்பதை எழுதிவையுங்கள்

சிலப்பதிகாரத்தில் மாதவிக்குப் பெண் பிறந்தபோது, தன் முன்னோர் ஒருவரைக் கடலில் காத்த தெய்வத்தின் பெயரை நினைவுகூர்ந்து மணிமேகலை என்று வைக்கச் சொன்னவன் கோவலன். அந்தக் காரணம் காப்பியத்தில் பதிவாகியிருப்பதால்தான் அந்தப் பெயர் இன்றும் நமக்கு வெறும் ஓசையாக இல்லை. உங்கள் மகளின் பெயருக்கும் ஒரு காரணம் இருக்கும். யார் சொன்னது, ஏன் 'இ'யில் முடிய வேண்டும் என்று அம்மா விரும்பினாள், எந்தப் பாட்டியின் ஓசை அது என்பதையெல்லாம் தடுப்பூசி அட்டையோடு ஒரு தாளில் எழுதிவையுங்கள். படிக்கத் தெரிந்ததும் அவள் கையில் கொடுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இந்த வாரமே மூன்று பெயர்களைத் தேர்ந்தெடுங்கள். புணர்ச்சி, சுழி எல்லாம் சரியாக, பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு வாரம் மூன்று பெயராலும் குழந்தையை மாறி மாறிக் கூப்பிடட்டும். தாத்தாவும் பாட்டியும் கூப்பிடுவதைக் கூர்ந்து கேளுங்கள். எந்தப் பெயரில் எல்லார் குரலும் தயக்கமில்லாமல் நீள்கிறதோ அதைப் பதிந்துவிடுங்கள். பதிந்தபின் அம்மு, குட்டி, தங்கம் என்று கொஞ்சுங்கள், அது உங்கள் உரிமை. ஆனாலும் நாளுக்கு ஒரு முறையாவது முழுப்பெயரையும் கடைசி எழுத்து வரை தெளிவாகச் சொல்லிக் கூப்பிடுங்கள். தன் பெயர் நல்ல பெயர் என்று ஒரு குழந்தை தெரிந்துகொள்வது பெற்றவர்கள் அதைச் சொல்லும் குரலில்தான்.